சிமெண்டு முற்றத்தில் கங்கோங்கும் வெண்டைக்காயும்

சின்னப் பிள்ளைகள் தோட்டம் போடப் போகிறார்கள் என்றதும் எல்லாரும் கடையில் சின்னத் தொட்டியைத்தான் எடுப்பார்கள். சின்னக் கைக்குச் சின்னத் தொட்டி, ஆளுக்கு ஒன்று, மேலே பெயர் ஒட்டிக்கொள்ளலாம். வரிசையாக அடுக்கிவைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சிங்கப்பூர் வெயிலில், சிமெண்டுத் தரையில், இரண்டு லிட்டர் மண் பிடிக்கிற தொட்டி சனி, ஞாயிறைத் தாங்காது. வெள்ளிக்கிழமை நிமிர்ந்து நின்ற நாற்று திங்கட்கிழமை காலையில் காய்ந்து தொங்கும். பெயர் ஒட்டியிருக்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? பிள்ளைகளோடு வளர்க்கப் பெரிய தொட்டிதான் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நான் ஈசூன் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீவக புளோக்கின், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின், கீழ்த்தளத்தில் இருக்கும் பள்ளி. பின்பக்கம் ஒரு முற்றம் உண்டு. முழுக்கச் சிமெண்டு, ஓரமாக ஒரு வாய்க்கால், சுவரில் ஒரு குழாய், அவ்வளவுதான். மண் என்று எடுக்க ஒரு கைப்பிடி கிடையாது. தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினோம். அப்புறம் சீன, மலாய் வகுப்புப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்து, கேட்டு, சண்டை போட்டு உள்ளே வந்துவிட்டார்கள். இப்போது ஐந்து, ஆறு வயதுக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான தோட்டம்.

பெரிய தொட்டி பொறுத்துக்கொள்ளும். பிள்ளைகள் வேலை செய்யும் இடத்தில் முக்கியமாகத் தேவைப்படுவது அந்தப் பொறுமைதான். ஒரு நாள் ஆறு பேர் போட்டி போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். மறுநாள் இடி மின்னல் எச்சரிக்கை, ஒருவரையும் வெளியே விட முடியாது. அதற்கடுத்த நாள் காற்றில் புகைமூட்டம். அப்புறம் சீனப் புத்தாண்டு விடுமுறை. நூறு லிட்டர் மண் இருந்தால் இந்த ஏற்ற இறக்கமெல்லாம் உள்ளேயே சமனாகிவிடும். மேல் மண் காய்ந்தாலும் அடியில் ஈரம் இருக்கும்; ஒருவன் ஒரு மூலையில் மட்டும் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொட்டினாலும் வேர் அழுகாது. யாராவது ஒரு செடியைத் தெரியாமல் மிதித்துவிட்டால் பக்கத்தில் இன்னும் பத்து நிற்கும். "என் செடி செத்துப்போச்சு" என்று அழவும் வழியில்லை, ஏனென்றால் தனியாக யாருடைய செடியும் இல்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம். உணவுப் பொருள் வந்த டிரம் என்று விற்பவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். ரசாயனம் வந்ததை எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். டிரம்மை நெடுக்குவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு படுத்த தொட்டி கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலம், ஆழம் ஒரு அடிக்குச் சற்றுக் குறைவு. இந்த அகலம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்தது போல அமைந்தது. அந்த வயதில் கை நீட்டினால் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே எட்டும். இரண்டு பக்கமும் நின்றால் நடு வரைக்கும் எட்டிவிடும், யாரும் மண்ணுக்குள் விழ வேண்டியதில்லை. ஆகவே தொட்டியைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். சுற்றி நிற்க இடம் விடுங்கள்.

அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை நீளவாக்கில் கீறி விளிம்பு முழுக்க மாட்டிவிட்டோம். டிரம்மின் அடி வளைந்திருப்பதால் உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுக்க வேண்டும். அடியிலும் இரண்டு வரிசை செங்கல் கட்டாயம். சிமெண்டுத் தரை மத்தியானத்தில் கொதிக்கும். தொட்டி நேராக அதன் மேல் உட்கார்ந்தால் சூடு அப்படியே வேருக்குப் போகும், துளையும் அடைபடும். செங்கல்லுக்குப் பதில் மரப் பேலட் கிடைத்தால் அதில் அடித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவால் பதப்படுத்தியது. பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அது வேண்டாம். கறுப்புத் தொட்டிகளையும் தவிர்க்கலாம். மேற்கு வெயில் அடிக்கும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக்கின் உட்சுவரை ஒட்டிய வேர்கள் வெந்தேவிடும்.

மண் போடுவதற்கு முன் இடத்தை முடிவு செய்துவிடுங்கள். நனைந்த தொட்டி நூறு கிலோ அளவுக்கு வரும், அப்புறம் நகர்த்த முடியாது. இதே டிரம்மை மாடி பால்கனியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த எடைதான். எங்கள் முற்றம் தரையோடு தரையாக இருப்பதால் பிழைத்தோம்.

இடம் பார்ப்பதில் சிங்கப்பூருக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்கு வெகு அருகில், ஏறத்தாழ 1.3 பாகை வடக்கில் இருக்கிறோம். ஆண்டு முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரம்தான், ஆனால் வெயில் விழும் பக்கம் மாறும். ஜூன் வாக்கில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே. எங்கள் முற்றம் புளோக்குக்குத் தென்பக்கம். ஆண்டு நடுவில் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் நிழல் நண்பகலிலேயே பத்து மீட்டருக்கு மேல் முற்றத்தில் நீண்டு கிடக்கும். பிப்ரவரியில் நல்ல வெயில் இருக்கிறதே என்று வெண்டைக்காய்க்கு இடம் பிடித்தால் ஜூனில் அது நிழலாகியிருக்கும். அதனால் சுவரிலிருந்து தள்ளி இருக்கும் தொட்டிகள் காய்களுக்கு, நெருங்கி இருப்பவை கீரைக்கும் மஞ்சளுக்கும் என்று பிரித்தோம். காய்க்கு ஐந்து, ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரை நான்கு மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். பிள்ளைகளைக் கொண்டு சாக்பீஸால் நிழலின் ஓரத்தைக் காலை, மத்தியானம், மாலை என்று தரையில் கோடு போடச் சொன்னேன். இதை ஒரு பாடமாகவே நடத்தலாம். சிமெண்டுத் தரையில் எனக்குத் தெரிந்த ஒரே வசதி அதுதான், கோடு நன்றாக விழும்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் தோட்ட மண்ணை மட்டும் பெரிய தொட்டியில் நிரப்பினால் இங்குள்ள மழையில் இறுகிக் களிமண் பாளமாகிவிடும். நாங்கள் கலப்பது தொட்டிச் செடிக்கென்று விற்கும் மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, கூடவே மண்ணை இளக்கமாக வைக்கும் பெர்லைட் என்ற வெள்ளைக் குறுணை சில கைப்பிடி. நார்த்தூளில் சில சமயம் உப்பு இருக்கும், ஒரு முறை ஊறவைத்துப் பிழிந்துவிடுவது நல்லது. அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள், நம்பாதீர்கள். மண்ணிலிருந்து நீர் சட்டென்று கல் அடுக்குக்குள் இறங்காது. கல்லுக்கு மேலே இருக்கும் மண்ணில்தான் தேங்கி நிற்கும். கல் போட்டால் வேருக்கு இருந்த ஆழமும் குறைந்ததுதான் மிச்சம். துளையின் மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்து நேராக மண்ணைப் போட்டால் போதும். துளைகள் நிறைய வேண்டும். எங்கள் தொட்டி ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நுழையும் அளவில் அடியில் ஒரு டஜன் துளைகள் இருக்கின்றன.

சில மாதத்தில் மண் நாலு விரல் இறங்கிவிடும். உரம் மட்கி, நார் சுருங்குவதால் இப்படி ஆகிறது. பிள்ளைகளுக்கு இது பெரிய மர்மம். மண்ணை யார் சாப்பிட்டது என்று கேட்பார்கள். ஒரு வகையில் சரியான கேள்விதான். புழுவும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் சாப்பிட்டிருக்கின்றன. மேலே புதிய உரத்தைப் போட்டு நிரப்பும் நாள் எங்களுக்குத் திருவிழா.

இனி கொசு. சிங்கப்பூரில் யாராவது தோட்டம் என்றால் எனக்கு அடுத்து நினைவுக்கு வருவது டெங்கிதான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதற்கு இருபது காசு அளவு தண்ணீரே தாராளம் என்று தேசிய சுற்றுப்புற வாரியம் ஓயாமல் சொல்கிறது. எங்கள் விதி ரொம்ப எளிது. தொட்டிக்கு அடியில் தட்டு கிடையாது. அடியில் நீர் தேக்கி வைத்துத் தானாக உறிஞ்சும் தொட்டிகளை இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டு ஒரு பெற்றோர் கொண்டுவந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் நீர் நிரப்பும் வாய் ஒன்று திறந்து கிடந்தால் போதும், கொசு உள்ளே போய்விடும். பூவாளி, வாளி எல்லாம் வேலை முடிந்ததும் கவிழ்த்து வைக்கப்பட வேண்டும். அதற்கென்றே தினம் ஒரு பிள்ளைக்கு 'கவிழ்ப்பவர்' பதவி. தண்ணீர் ஊற்றுவதைவிட இந்தப் பதவிக்குத்தான் இப்போது போட்டி அதிகம். இறுகிய மேல் மண்ணில் மழைநீர் குட்டையாக நிற்கும், அதையும் கிளறிவிட வேண்டும். முள்கரண்டி போதும்.

வாய்க்காலையும் பார்க்க வேண்டும். பெருமழையில் தொட்டியிலிருந்து மண் கலங்கி ஓடும். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வாய்க்காலில் விழுவது பெரும்பாலும் ஏதோ ஒரு நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. ஆகவே உரத்தை அள்ளிக் கொட்டிவிட்டு மழையில் கரைய விடுவது நியாயமில்லை. தொட்டிகளை வாய்க்காலிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, நடுவில் பழைய துண்டைச் சுருட்டிப் போட்டால் மண் நின்றுவிடும். தரையில் பழுப்புக் கறை பிடிக்கத்தான் செய்யும். மாதம் ஒரு முறை தேய்த்துக் கழுவுகிறோம். அதுவும் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலைதான்.

பிள்ளைகள் மண்ணில் கை வைப்பது பற்றிப் பெற்றோர் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இந்த வட்டார மண்ணிலும் நீரிலும் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு. பெருமழைக்குப் பிறகு நோய் கூடுதலாக வரும். ஆரோக்கியமான பிள்ளைக்கு வருவது அரிது என்றாலும் நாங்கள் சில பழக்கங்களை விடுவதில்லை. மூடிய காலணி போட வேண்டும், சின்னக் கையுறை போட வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருக்கும் பிள்ளைக்கு அன்றைக்கு மண் வேலை இல்லை, பூவாளி வேலை. புது மண் மூட்டையைப் பெரியவர்தான் பிரிப்பார், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதலில் தண்ணீர் தெளித்து. அந்தத் தூசியிலும் நுரையீரலுக்கு ஆகாத கிருமி இருக்கக்கூடும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இன்னொன்று, புளோக் பூனைகள். இளகிய மண்ணைப் பார்த்தால் அவற்றுக்கு அது கழிப்பறை. விதைத்ததிலிருந்து செடி அடர்த்தியாகும் வரை தொட்டி மேல் கம்பி வலை போட்டு மூடி வைப்போம்.

விதை போட்ட மறுநாள் என்ன நடக்கும்? பிள்ளைகள் தோண்டிப் பார்ப்பார்கள். திட்டிப் பயனில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய ஆசைப்படுவது தப்பா? இரண்டு ஏற்பாடு செய்தோம். ஒன்று, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குவளையில் ஈரமான டிஷ்யூவைச் சுருட்டி வைத்து, சுவருக்கும் டிஷ்யூவுக்கும் நடுவே அதே விதையைச் செருகிவிடுவது. மண்ணுக்குள் நடப்பது வகுப்பறைச் சன்னலோரத்தில் தெரியும். இரண்டாவது, ஒரு தொட்டியில் செடியே வைக்காமல் தோண்டுவதற்கென்று விட்டுவைப்பது. தோண்டும் கை அங்கே போய்விடும். மற்ற தொட்டிகள் தப்பின.

தண்ணீர் ஊற்ற அரை லிட்டர் பாட்டில்தான் சரி. மூடியில் ஊசியால் துளை போட்டால் மழை போலத் தூறும். குழாய் நீர்ப்பீச்சியைக் கையில் கொடுத்தால் ஒரே நொடியில் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும், பக்கத்தில் நிற்கிறவன் சட்டையும் நனைந்துவிடும். ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட வேண்டும். விரலில் மண் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். இந்தச் சோதனையை ஐந்து வயதுப் பிள்ளை மிகக் கறாராகச் செய்யும். நான் ஊற்றப் போனால்கூட "டீச்சர், விரல் விட்டுப் பார்த்தீங்களா?" என்று தடுப்பார்கள்.

எதை வளர்ப்பது என்பதில் பிள்ளையின் பொறுமையைத்தான் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பயிர் கங்கோங் கீரை, மறுபேச்சே இல்லை. விதை பெரியது, சின்ன விரலுக்குச் சிக்கும். இரவு ஊறவைத்துப் போட்டால் சில நாளில் முளை தெரியும், நாலு வாரத்தில் அறுக்கலாம். இரண்டு, மூன்று கணு விட்டுக் கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும். வகுப்பறையின் மொட்டைக் கத்தரிக்கோலே போதும். தண்ணீர் அதிகமாகிவிட்டதே என்ற கவலையும் இல்லை, அது நீரில் வளரும் கீரை. விதைகூட வாங்க வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை ஈர மண்ணில் செருகினால் வேர் பிடிக்கும்.

அடுத்தது தண்டுக்கீரை. மலாய்ப் பிள்ளைகள் அதை பாயம் என்பார்கள். விதை கடுகைவிடச் சின்னது. பிள்ளைகள் ஒரே இடத்தில் கொட்டிவிடுவார்கள் என்பதால் காய்ந்த மணலோடு கலந்து உப்பு டப்பாவில் போட்டுத் தூவச் சொல்கிறோம். எறும்பு இந்த விதையை வரிசை கட்டித் தூக்கிப் போகும். தொட்டி விளிம்பில் கொஞ்சம் அரிசி நொய் வைத்தால் எறும்பு அதில் மயங்கிவிடும் என்று ஆறாவது மாடித் தாத்தா ஒருவர் சொன்னார். பக்கத்து சமூகத் தோட்டத்தில் ரொம்ப காலமாகக் கைப்பழக்கம் உள்ளவர். தேசியப் பூங்காக் கழகம் 2005ல் 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்த மாதிரித் தாத்தா, பாட்டிகள் பேட்டைக்குப் பேட்டை இருக்கிறார்கள். புத்தகத்தைவிட அவர்கள் சொல்வது அந்தந்த புளோக்கின் வெயிலுக்குப் பொருந்தும். நாற்றும் சும்மா கொடுப்பார்கள், கதையையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ஆகப் பிடித்தது வெண்டைக்காய். ஒரு டிரம் தொட்டிக்கு மூன்று செடி, அதற்கு மேல் வேண்டாம். ஐம்பது நாள் வாக்கில் மஞ்சள் பூ வரும். காலையில் விரியும், சாயங்காலத்துக்குள் வாடிவிடும். பூ வாடிய நாலைந்து நாளில் காய் பறிக்கும் அளவுக்கு வந்துவிடும். இந்த வேகம்தான் வித்தை. நேற்று சுண்டுவிரல், இன்று நடுவிரல், நாளைக்கு டீச்சர் விரல். காகிதப் பட்டையில் தினமும் நீளத்தைக் குறித்துச் சுவரில் ஒட்டினோம். வெள்ளிக்கிழமை நடுவிரல் அளவில் இருப்பதை அன்றைக்கே பறித்துவிடுங்கள், திங்கட்கிழமை முற்றி மரக்கட்டையாகிவிடும். முற்றியதையும் தூக்கிப் போடாமல் செடியிலேயே காய விட்டால் விதையாகும். குலுக்கினால் கிலுகிலுப்பை. செடியின் சுணை சில பிள்ளைகளுக்கு அரிக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கொண்டால் சரி.

பயத்தங்காய் வேகமாக ஏறும், நீளமாகத் தொங்கும், பார்க்கப் பிரமாதம். ஆனால் பந்தல் கம்பத்தைத் தொட்டியில் மட்டும் ஊன்றினால் போதாது. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். கம்பத்தைச் சுவர்க் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். பயத்தங்கொடியின் நுனியில் கறுப்பு அசுவினி மொய்க்கும். பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதி போய்விடும், மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து சாயங்காலம் தெளிப்போம். அசுவினியை எறும்பு காவல் காப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் கொடியை யாரும் கழுவ விடவில்லை, பாவம் எறும்பு என்று.

நிழல் விழும் தொட்டியில் மஞ்சள். தேக்கா சந்தையில் பச்சை மஞ்சள் கிழங்கு வாங்கி, முளை தெரியும் துண்டுகளாகப் பார்த்து ஏப்ரலில் ஊன்றினால் எட்டு, ஒன்பது மாதத்தில் பொங்கலுக்குத் தயார். இவ்வளவு காலம் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். மறந்துவிடுவார்கள், அது பரவாயில்லை. நடுவில் மலாய் ஆசிரியை ரெண்டாங் என்ற இறைச்சிக் கறி சமைக்க இலை பறிக்க வருவார். அப்போது ஒரு முறை எல்லாரும் வந்து இலையை மோந்து பார்ப்பார்கள். ஜனவரியில் வேரோடு பிடுங்கிப் பொங்கல் பானையில் கட்டும்போது, அதே வாசனை என்று சீனப் பிள்ளை ஒருத்திதான் முதலில் சொன்னாள்.

வேண்டாம் என்று நான் ஒதுக்கியவையும் உண்டு. பெரிய தக்காளி இங்கே பூக்கும், ஆனால் இரவு வெப்பம் குறையாததால் பூ உதிரும். குட்டித் தக்காளி ஓரளவு பிடிக்கும். கேரட் வேண்டவே வேண்டாம். மிளகாய் எளிதாக வளரும், ஆனால் அந்தக் கையோடு கண்ணைக் கசக்கும் வயது இது. நிலக்கடலை வளர்க்க எனக்குக் கொள்ளை ஆசை. பூ வாடியதும் அதன் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காயாவதைப் போல ஒரு வேடிக்கை உண்டா? ஆனால் வகுப்பில் கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், கடலைப் புண்ணாக்கு உரத்தைக்கூட உள்ளே விடுவதில்லை. அதற்குப் பதில் சர்க்கரைவள்ளி. மூன்று, நாலு மாதம் இலையைக் கிள்ளிச் சமைக்கலாம், கடைசியில் தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டுத் தொட்டி மண்ணை வாரிக் கொட்டிக் கிழங்கு தேடலாம். கிழங்கு சின்னதாக, கோணலாகத்தான் இருக்கும். கத்தல் மட்டும் எட்டாவது மாடி வரை கேட்கும்.

கொட்டிய அந்த மண்ணைத் தூக்கிப் போடுவதில்லை. பழைய வேரைப் பொறுக்கிவிட்டு, ஒரு வாரம் வெயிலில் பரப்பி, நாலில் ஒரு பங்கு புது உரம் கலந்து மறுபடி நிரப்புவோம். தொட்டி மண்ணின் சத்தை மழை கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சமாக உரம் போடுகிறோம். கோழி எரு உருண்டைகள்தான், பெரியவர் கையால். சமையலறைக் கழிவை நேராகத் தொட்டியில் புதைப்பது கிடையாது, எலி வரும். அரிசி கழுவிய தண்ணீர் மட்டும் உண்டு, அதையும் அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும்.

இரவில் வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடக் கூடாது என்பது எங்கள் தோட்டத்தின் கடுமையான சட்டம். மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். இடுக்கியால் எடுப்பது என் வேலை. இதே காரணத்துக்காக எதையும் பச்சையாகத் தின்பதில்லை. எல்லாம் நன்றாகக் கழுவி, வெந்த பிறகுதான்.

பள்ளியின் சமையல் ஆண்ட்டி கங்கோங்கைப் பூண்டு போட்டு வதக்குவார், பிளாச்சான் என்ற இறால் விழுது இல்லாமல். அறுவடையில் ஆளுக்கு ஒரு கரண்டி வந்தால் அதிகம். கீரையென்றால் தட்டைத் தள்ளுகிற பிள்ளைகளெல்லாம் தின்றுவிடுவார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதிப் பேர் தின்றார்கள். மீதிப் பேர் தாங்கள் அறுத்ததைப் பக்கத்தில் இருப்பவர் தின்கிறாரா என்று மேற்பார்வை பார்த்தார்கள்.

பெற்றோர் பலர் வீட்டிலும் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். 2020ல் தேசியப் பூங்காக் கழகம் இலவசமாக அனுப்பிய விதைப் பொட்டலம் சிலர் வீட்டில் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. பழைய விதையில் கொஞ்சம் முளைக்கும், முளைக்காவிட்டால் செடி மேல் பழி போட வேண்டாம். தாழ்வாரத்தில் வைப்பதென்றால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், அது தீயணைப்புக்கான விதி. கைப்பிடிச் சுவரின் மேலோ சன்னலுக்கு வெளியேயோ எந்தத் தொட்டியும் கூடாது. மாடியில் நூறு லிட்டர் வேண்டாம். இருபது, முப்பது லிட்டர் பிடிக்கும் நீள்சதுரத் தொட்டி ஒன்றே ஒன்று வையுங்கள். மீன் கடையில் தூக்கிப் போடும் வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டியும் கங்கோங்குக்குப் போதும், எடையும் குறைவு. இரண்டு மணி நேர வெயில்தான் வருகிறது என்று ஓர் அப்பா வருத்தப்பட்டார். அவருக்குக் கொடிப் பசலைத் தண்டு இரண்டும், சமையலில் வாசனைக்குப் போடும் பாண்டான் கன்று ஒன்றும் கொடுத்தேன். பசலை இப்போது அவர் வீட்டுக் கம்பிக் கதவில் பாதி ஏறிவிட்டதாம். கதவைத் திறக்க முடியவில்லை, எங்கே கத்தரிப்பது என்று போன வாரம் மகன்தான் வந்து கேட்டான்.